புத்தக விழாவும் வழங்கல் பதிவேடும்: ஒரு நடுநிலைப் பள்ளியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரிப் படுகையின் கடைக்கோடியில், கடற்கரைக்குச் சற்று உள்ளே இருக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி இது. ஊரையும் ஆண்டையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் விவசாயக் கூலி வேலை செய்யும் வீடுகளிலிருந்தும் மீனவக் குடும்பங்களிலிருந்தும் வருகிறவர்கள். நூலகம் என்று தனி அறை கிடையாது. கணினி அறையின் ஒரு பக்கத்தில் இரண்டு இரும்பு பீரோ, ஒரு நீள மேசை, அவ்வளவுதான். நூலகர் பணியிடமும் இல்லை. ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கும் ஆசிரியை அந்த வேலையைக் கூடுதலாகப் பார்க்கிறார். அவரை இதில் பொறுப்பாசிரியர் என்று குறிப்பிடுகிறேன்.

நான் அப்போது பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். தேசிய நூலக வாரம் ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படுகிறது. முதல் நாளே குழந்தைகள் நாளாகவும் அமைவதால், பள்ளிகள் இரண்டையும் சேர்த்து ஒரு புத்தக விழா வைத்துவிடும். கிளை நூலகத்திலிருந்து யாராவது வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது வழக்கம். அப்படித்தான் இந்தப் பள்ளியோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது.

முந்தைய ஆண்டு விழாவில் கண்டது

பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்து, புத்தகங்களை அட்டை தெரிய அடுக்கியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெஞ்சுக்கு முன்னால் சணல் கயிறு கட்டியிருந்தது. பிள்ளைகள் வகுப்புவாரியாக வரிசையில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் கயிற்றுக்கு மேலே கையை நீட்டி ஒரு முதலைப் படத்தைத் தொட்டுவிட்டான். வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவன் அவன் கையைத் தட்டிவிட்டான்.

பிறகு சிறப்பு விருந்தினர் உரை. ‘வாசிப்பின் பயன்’ என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி. பரிசாக எவர்சில்வர் டம்ளரும் சோப்பு டப்பாவும். எல்லாப் போட்டியிலும் ஏறக்குறைய அதே மூன்று பிள்ளைகள் மேடை ஏறினார்கள். மாலை நான்கு மணிக்குள் புத்தகங்கள் பீரோவுக்குள் போய்ப் பூட்டும் விழுந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கையும் புகைப்படமும் போக வேண்டும். போயின.

பீரோவைத் திறந்தபோது

அடுத்த கல்வியாண்டின் ஆகஸ்டில், இருப்புச் சரிபார்ப்புக்கு உதவ முடியுமா என்று பொறுப்பாசிரியர் கேட்டார். சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்தவை பல காலத்தைச் சேர்ந்தவை. பள்ளிகளுக்கான ‘புத்தகப் பூங்கொத்து’ திட்டத்தின் நாட்களில் வந்த மெல்லிய படக்கதைகள், நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் வரிசை, யாரோ மொத்தமாக வாங்கிப் போட்ட தலைவர்கள் வரலாறு, பொது அறிவுக் களஞ்சியங்கள், ஆங்கில அகராதிகள். 2023இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னஞ்சிறு புத்தகங்கள், எளியதிலிருந்து தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில், கட்டுப் பிரித்தும் பிரிக்காமலும் கிடந்தன. ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறுவர் இதழ்கள் சணல் கட்டோடு பீரோவின் தலையில் இருந்தன. பழைய புத்தகங்களில் இராமபாணப் பூச்சி தன் வேலையைக் காட்டியிருந்தது. பசை தடவிய முதுகுப்பக்கம்தான் அதற்குப் பிடித்த இடம்.

இருப்பு மோசமில்லை. தூசு தட்டினால் ஒன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்புக்கும் கொடுக்கப் புத்தகம் உண்டு. வழங்கல் பதிவேடுதான் வேறு கதை சொன்னது. இரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகள் பெயரில் ஒரு வரிகூட இல்லை. ஆசிரியர்கள் பயிற்சிக்கும் போட்டித் தேர்வுக்கும் எடுத்தவை மட்டும் இருந்தன. வாரம் ஒரு நூலகப் பாடவேளை அட்டவணையில் இருந்தது. அதில் கணக்குப் பாடம் ஓடியது.

ஏன் என்று கேட்டபோது காரணம் தயங்காமல் வந்தது. முன்பு இந்தப் பொறுப்பில் இருந்தவர் மாறுதலாகிப் போகும்போது, பொறுப்பு ஒப்படைப்பில் சில புத்தகங்கள் குறைந்தன. அவர் கைக்காசு போட்டு வாங்கி வைத்துவிட்டுத்தான் போனார். அது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் யார் புத்தகத்தை வெளியே விடுவார்கள்? பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, கைப்பேசி கெடுத்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. உள்ளபடி பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கும் வாய்ப்பே இரண்டு ஆண்டுகளாக வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, விழாவின் மையத்தைக் காட்சியிலிருந்து வழங்கலுக்கு மாற்றுவது. விழாவுக்கு முந்தைய நாளே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். மறுநாள் அதைக் கொண்டுவந்து அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். மேடை, கயிறு, வேட்டி எதுவும் வேண்டாம்.

தலைமையாசிரியர் இதை எதிர்க்கவில்லை, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டார். “காணாமப் போனா என்ன பண்ணுவீங்க டீச்சர்? நாளைக்கு ஆடிட்ல நான்தானே பதில் சொல்லணும்?”

இதற்குப் பதில் நல்லெண்ணத்தில் இல்லை, விதியில்தான் இருக்க முடியும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதி நூலகப் புத்தகங்களைப் பற்றியது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட 1,000 புத்தகங்களுக்கு 5 வரை தொலைவது, அதில் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பான இழப்பாகக் கொள்ளப்படும் என்று அது சொல்கிறது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. மாநில அரசுப் பள்ளிக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் நாட்டின் தணிக்கை வழக்கத்திலேயே புத்தகம் தொலையும் என்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று அச்சில் பார்த்தது அவருக்குப் பெரிய தெம்பாக இருந்தது. “எழுத்துல இருந்தா சரி” என்றார்.

அதை உள்ளூர் எழுத்தாக்க, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு வழங்கிய கதைப் புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ ஆசிரியரிடமோ பிள்ளையிடமோ பணம் வாங்குவதில்லை. ஆண்டு இறுதியில் குழுவின் முன் வைத்துப் பதிவேட்டில் கழிப்பது. தணிக்கையில் இந்தத் தீர்மானம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று அறையில் யாருக்கும் உறுதியில்லை. ஆனால் பொறுப்பு ஒருவர் தலையில் இருந்து ஒரு குழுவின் தலைக்கு மாறியது. என் பார்வையில் இந்த நிகழ்வு முழுவதிலும் முக்கியமான முடிவு இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை.

போட்டி வேண்டாம் என்பது இரண்டாவது. பரிசு வாங்கும் மூன்று பேருக்கு வாசிப்பு ஏற்கனவே வாய்த்திருக்கிறது. மீதிப் பேருக்கு அந்த நாள் கைதட்டும் நாளாகத்தான் முடியும்.

வேஷம் பற்றியும் ஒரு பேச்சு வந்தது. பக்கத்து டவுனில் தனியார் பள்ளிகளில் கதாபாத்திர வேஷம் போட்டு ஊர்வலம் விடுகிறார்கள், நம் பிள்ளைகளுக்கும் வைக்கலாமே என்று ஓர் அம்மா கூட்டத்தில் கேட்டார். நியாயமான ஆசைதான். ஆனால் உடை வாடகைக்கு எடுக்க முடிந்த வீடு, முடியாத வீடு என்ற பிரிவு அன்று காலையிலேயே வாசலில் தெரிந்துவிடும். பழைய காலண்டர் அட்டையில் முகமூடி வரைந்துகொள்ளலாம் என்று முடிவானது.

படிநிலை அடையாளம் பற்றிய முடிவு பின்னால் சிக்கலாயிற்று என்பதால் அதையும் இங்கே சொல்ல வேண்டும். எளிதாகத் தேடி எடுக்க, நான்கு படிநிலைக்கும் நான்கு நிற ஸ்டிக்கர் வாங்கி அட்டையில் ஒட்டினார்கள். படிநிலை அச்சிடாத பழைய புத்தகங்களையும் புரட்டிப் பார்த்து ஏதோ ஒரு நிறத்தில் சேர்த்தார்கள்.

வழங்கிய நாளும் மழையும்

நவம்பர் 13 பிற்பகல் முழுவதும் வழங்கலுக்கே போனது. வகுப்புக்கு இரண்டு பேர் என்று ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதிவேடு எழுதினார்கள். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே கொடிக் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மெல்லிய புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்ததால் முதல் வகுப்புப் பிள்ளைகூடத் தானே பறித்துக்கொள்ள முடிந்தது. எடுத்த புத்தகத்தைப் பிடிக்காமல் திருப்பிக் கொண்டுவந்து வேறு கேட்டவர்களும் உண்டு. மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் பொறுப்பாசிரியர். அதனால் வரிசை நீண்டு, பள்ளி விடும் மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வானம் கருத்திருந்தது. வீட்டிலிருந்து ஜவுளிக்கடைக் கவர் கொண்டுவரும்படி பொறுப்பாசிரியர் முந்தைய நாளே சொல்லியிருந்தார். கொண்டுவராதவர்களுக்குச் சத்துணவு அமைப்பாளர் பருப்பு வந்த பாலித்தீன் பைகளைக் கொடுத்தார்.

அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. 14ஆம் தேதி காலையில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தார். மறுநாளும் விடுமுறை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படுகை மாவட்டங்களில் இது புதிதில்லை. ஆனால் பள்ளியின் மொத்தக் கதைப் புத்தகங்களில் பாதிக்கு மேல் கூரை வீடுகளிலும் தாழ்வான தெருக்களிலும் இருக்கும்போது இப்படிப் பெய்தது. தாழ்வான தெருக்காரர்களைப் பள்ளிக் கட்டடத்திலேயே தங்க வைத்தார்கள். விழா நடக்க வேண்டிய கூடத்தில் பாயும் பாத்திரமுமாக இருந்தது.

திரும்பி வந்தவை

பள்ளி திறந்தபோது கணினி அறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற கறை சுவரில் இருந்தது. பீரோவின் கடைசித் தட்டில் பூட்டிப் பத்திரமாக இருந்த புத்தகங்கள் ஊறிப்போயிருந்தன. வெளியே போனவற்றில் நனைந்தவை அதைவிடக் குறைவு. பிள்ளைகள் அவற்றைப் பரண்மேல், அரிசி டிரம்முக்குள், சாமி மாடத்தில் வைத்திருந்தார்கள். ஒரு புத்தகம் ரேஷன் கார்டும் ஆதார் அட்டையும் இருந்த அதே பையில் பள்ளிக்கு வந்தது.

நனைந்த புத்தகங்களை என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றப் பள்ளிகளுக்கும் இது நேரும். ஈரம் இரண்டு நாளைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். முதல் வேலை, வழவழப்புத் தாளில் அச்சான படப் புத்தகங்களைப் பிரித்தெடுப்பது. அந்தத் தாள் ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு எந்த வழியிலும் பக்கத்தைப் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் துண்டு வைத்து, அது ஊறியதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணத் தாள் புத்தகங்களை விசிறிபோல் விரித்து நிமிர்த்தி நிறுத்தி மின்விசிறிக் காற்றில் விட்டால் போதும். வெயிலில் காயப்போடக் கூடாது. அட்டை வளைந்து, பசை விட்டுவிடும். கடைசித் தட்டில் இருந்த களஞ்சியங்களில் பலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றை யாரும் எடுத்துப் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

நான்கு புத்தகங்கள் திரும்பவே இல்லை. இரண்டு, வேறு ஊருக்குப் போய்விட்ட குடும்பங்களோடு போனவை. மற்ற இரண்டுக்கும் விவரம் தெரியவில்லை. நான்கும் தீர்மானத்தின்படி பதிவேட்டில் ஏறின. யாரிடமும் பணம் கேட்கவில்லை.

ஒரு புத்தகம் யானைப் படம் இருந்த இடத்தில் ஓட்டையோடு வந்தது. நான்காம் வகுப்புப் பையன் கத்தரியால் சுற்றி அழகாக வெட்டி எடுத்து, வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தான். வகுப்பாசிரியர் கோபப்பட்டார். அது இயல்புதான். பொறுப்பாசிரியர் அவனையே உட்காரவைத்து, அதே அளவு தாளில் யானை வரையச் சொல்லி, பின்பக்கத்தில் போன வரிகளை வேறு பிரதியிலிருந்து பார்த்து எழுதவைத்து, ஒட்டுத்தாளால் சேர்த்தார். பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் “பக்கம் 7, மாணவர் வரைந்தது” என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்த ஆண்டில் அதிக முறை வழங்கப்பட்ட புத்தகம் அதுவாகத்தான் இருந்தது. அவன் யானைக்கு ஐந்து கால் இருக்கிறது என்று ஒரு பேச்சு. எண்ணிப் பார்க்கவே எடுத்துப் போனார்கள்.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வாங்கிப் போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயங்கினாள். “டீச்சர், இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கட்டா? அப்பாயி மறுபடி படிக்கச் சொல்லுது.” கரண்ட் இல்லாத இரவுகளில் கைப்பேசி வெளிச்சத்தில் அப்பாயிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்த அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது.

விழா நாள்

தள்ளிப்போன விழா நவம்பர் கடைசி வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடந்தது. தேதி மாறியதால் சிறப்பு விருந்தினர் வர முடியவில்லை. வேறு யாரையும் தேடவில்லை.

கூடத்தில் வட்ட வட்டமாக உட்கார்ந்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று, சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் என்று சேர்த்திருந்தது. ஒவ்வொருவரும் தன் புத்தகத்தைக் காட்டி, இதை யாருக்குக் கொடுப்பேன், ஏன் என்று சொல்ல வேண்டும். கதைச் சுருக்கம் கேட்கவில்லை. சுருக்கம் கேட்டால் பரீட்சை வாடை வந்துவிடும் என்றார் பொறுப்பாசிரியர், சரியாகத்தான் சொன்னார். “இதை எங்க சித்தப்பாவுக்குக் குடுப்பேன், அவருக்கும் இந்த நரி மாதிரியே பேச்சு” என்று ஒரு பிள்ளை சொன்னதும் கூடமே சிரித்தது.

ஸ்டிக்கர் சிக்கல் அன்றுதான் வெளிப்பட்டது. எட்டாம் வகுப்பு மாணவர்களில் சிலருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ‘நுழை’ நிறம் அட்டையில் பளிச்சென்று தெரிந்ததால் அவர்கள் அதைத் தொடவில்லை. கைக்கு வந்த கனமான புத்தகத்தை எடுத்துப் போய், திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் ஒருவனிடம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வாசித்துக் காட்டு என்று பொறுப்பாசிரியர் கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு என்பதால் ‘நுழை’ புத்தகம் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. அதை முதலில் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து பலமுறை வாசித்துப் பழகிக்கொண்டான். பிறகு வட்டத்தில் தடுமாறாமல் வாசித்தான். அடுத்த வாரம் “என் தம்பிக்கு” என்று சொல்லி இன்னொரு ‘நுழை’ எடுத்தான். அவனுக்குத் தம்பி கிடையாது என்று பதிவேடு எழுதிய பெண் என்னிடம் சொன்னாள், அவனிடம் சொல்லவில்லை.

அறிக்கைக்கு வேண்டிய புகைப்படங்கள் எடுத்தார்கள். மேடை, பேனர் இல்லாத படங்கள் போதுமா என்று அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. தலைமையாசிரியர் பேசிச் சமாளித்தார்.

அதன் பிறகு

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும்வரை வழங்கல் நன்றாக நடந்தது. தேர்வு நாட்களில் நின்றது. ஜனவரியில் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு நினைத்த அளவு எழவில்லை. நூலகப் பாடவேளையில் மீண்டும் கணக்கு நுழைந்தது ஒரு காரணம். பிப்ரவரியில், மதிய உணவு இடைவேளையில் பிள்ளைகளே வழங்கலாம் என்று மாற்றியதும் மறுபடி சூடு பிடித்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாயா என்று பதிவேட்டுக்காரர்கள் ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் புத்தகம் கொடுத்தார்கள். ஆண்டுத் தேர்வை ஒட்டி மீண்டும் குறைந்தது.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் கடைசிவரை விடாமல் வந்தவர்கள். ஆறாம் வகுப்பில் பையன்கள் பாதிப் பேர் விழாவோடு சரி. அவர்களுக்குப் பிடித்த வகை, குறிப்பாக விளையாட்டு, வண்டி, மீன்பிடி பற்றிய புத்தகங்கள், இருப்பிலேயே இல்லை. சணல் கட்டைப் பிரித்து மேசையில் போட்ட தேன்சிட்டு இதழ்களை அவர்கள் புரட்டினார்கள். அதில் புதிர்ப் பக்கங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன.

ஆண்டு இறுதியில் மேலாண்மைக் குழுவின் முன் பதிவேட்டை வைத்தார்கள். தொலைந்தவையும் மழையில் போனவையும் தனித்தனிப் பட்டியலாகக் கழிக்கப்பட்டன. வழங்கியதில் தொலைந்ததைவிட வழங்காமல் அழிந்தது அதிகம் என்பதை உறுப்பினர் ஒருவர், மீன் வியாபாரம் செய்யும் அம்மா, பட்டியலைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

மாற்ற வேண்டியவை

தேதி முதலில் மாற வேண்டும். படுகையில் நவம்பர் நடுவில் புத்தக விழா வைப்பது மழையோடு பந்தயம் கட்டுவது. ஏப்ரல் 2 பன்னாட்டுக் குழந்தைகள் புத்தக நாள். அது ஆண்டுத் தேர்வுக் காலத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆகஸ்ட் 12 பொருத்தமாகத் தெரிகிறது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த நாளையொட்டி அது நூலகர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1892இல் அவர் பிறந்த சீர்காழி இதே படுகையில்தான் இருக்கிறது. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவர் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது. காலாண்டுத் தேர்வுக்கு முன்னால், வெயில் இருக்கும் மாதம். அப்போது விழா வைத்தால் ஆண்டின் மீதி மாதங்கள் முழுவதும் வழங்கலுக்குக் கிடைக்கும். நவம்பர் வாரத்துக்கு ஒரு சிறிய நிகழ்ச்சி போதும்.

படிநிலை ஸ்டிக்கர்களை அட்டையிலிருந்து எடுத்து உள்பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது. ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதை விழா நாளோடு விடாமல் வாரம் ஒருமுறை வைக்க வேண்டும் என்று பொறுப்பாசிரியர் திட்டமிட்டிருக்கிறார். கூச்சப்படாமல் எளிய புத்தகம் எடுக்க அதைவிட நல்ல சாக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

பீரோவின் கடைசித் தட்டு இனி காலி. அதில் அந்துருண்டையும் பழைய செய்தித்தாளும் மட்டும்.

பதிவேடு எழுதிய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அடுத்த குழுவை ஆறாம் வகுப்பிலிருந்தே எடுத்தால் மூன்று ஆண்டு கிடைக்கும் என்பது யோசனை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் பெரிய எழுத்துப் புத்தகங்கள், பையன்கள் கேட்ட வண்டி, மீன்பிடி புத்தகங்கள் என்று பிள்ளைகளே எழுதிக் கொடுத்த பட்டியல் ஒன்று இருக்கிறது. அடுத்த நூலக மானியம் வரும்போது அதை முதலில் பார்ப்பதாகத் தலைமையாசிரியர் குழுக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். கூட்டக் குறிப்பிலும் அது ஏறியிருக்கிறது.